பத்மாவதியின் ரத்தத்தில் ஏறிய பொட்டாசியம்

சோமனூரில் யாருக்கும் ரகசியம் பேச வராது. ஒரே கூரைக்கடியில் எட்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும்போது காதோடு காதாக எதைச் சொல்ல முடியும்? எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும், பாதியைக் கையால் காட்ட வேண்டும். சென்னியப்பனின் மகள் பத்மாவதி தொட்டிலில் கிடந்தபோதே அறுந்த நூலைக் காட்டிக் கத்தினாள் என்று ஊரில் சொல்வார்கள். அவள் ஒரு சத்தம் போட்டால் கருமத்தம்பட்டிப் பக்கம் போகிற லாரிக்காரன் பிரேக் பிடிப்பான். இதில் லாரிக்காரனை வேண்டுமானால் நம்பாமல் விடலாம். மற்றது உண்மை.

அப்பாவுக்கு முதுகு போனபின் தறிக்குடோனை அவள்தான் நடத்தினாள். பாவு நூல் இறக்குவது, ஆள் பிடிப்பது, துணியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் அவளும் அவளுடைய டிவிஎஸ் ஃபிப்டியும்தான். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. தொண்ணூற்று ஆறாம் வருஷம்.

எதற்கும் அஞ்சாதவள் கண்ணாடிக்கு மட்டும் அஞ்சினாள். கன்னத்திலும் தாடையிலும் பெரிய பெரிய பருக்கள். ஒன்று அமுங்கினால் பக்கத்தில் இரண்டு கிளம்பும். தாடையில் முடி வேறு. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கொரு தடவை, நினைத்துக்கொண்டால் வரும். ஊரே கூடி அதைச் சூட்டு உடம்பு என்று முடிவு செய்தது. பயத்தமாவு, சந்தனம், சோற்றுக்கற்றாழை எல்லாம் பூசியாயிற்று. கழுதைப்பால் பூசச் சொன்ன, ஒறம்பரை வந்த சொந்தக்காரி ஒருத்தியை, "கழுதைய நீங்களே புடிச்சுட்டு வாங்க, பூசிக்கறேன்" என்று அனுப்பிவைத்தாள்.

கடைசியில் காந்திபுரத்து டாக்டரம்மாவிடம் போனாள். அவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் இருப்பதாகச் சொல்லி இரண்டு மாத்திரை எழுதினார்.

"இது ஹார்மோன் மாத்திரைம்மா. மாதவிலக்கை ஒழுங்குபடுத்தும். இன்னொண்ணு நீர் மாத்திரை. பி.பி.காரங்களுக்குக் குடுக்கறது. பருவையும் முடியையும் கிளப்பி விடற ஆண் ஹார்மோனை இது அடக்கி வெக்கும். ஆனா ரத்தத்துல பொட்டாசியம் ஏறலாம். அதனால அப்பப்ப ரத்தம் பாக்கணும்."

"அப்ப மாசாமாசம் தூரம் வந்துருமுங்களா டாக்டரம்மா?"

தறிக்குடோன் குரலில் கேட்ட கேள்வி அது. கதவுக்கு வெளியே காத்திருந்த வழுக்கைத்தலைப் பெரியவர் ஒருவர், வரட்டும் என்பதுபோலத் தலையாட்டினாராம்.

வந்தது. முகமும் தெளிய ஆரம்பித்தது. பத்மாவதி புதுக் கண்ணாடி ஒன்று வாங்கி வாசல் பக்கமே மாட்டினாள். அப்புறம்தான் முதல் ரத்தப் பரிசோதனை. பொட்டாசியம் ஐந்துக்குள் இருக்க வேண்டும்; ஐந்து புள்ளி மூன்று இருந்தது.

"சித்தே தாண்டியிருக்கு, அவ்வளவுதான். நீர் மாத்திரையைப் பாதியாக்கிக்கோ. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

அதோடு விட்டிருக்கலாம். ஊர் திரும்புகிற வழியில் மாத்திரை வாங்க மருந்துக்கடை ராசப்பனிடம் நின்றாள். அவர் ரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட எண் ஒன்றைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லை.

"ஏனம்மிணி, உங்க பெரியப்பனுக்கும் மொதல்ல இதானே ஏறுச்சு?"

பெரியப்பா இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்தவர். வாரத்துக்கு இரண்டு தடவை கோயமுத்தூர் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு, கால் பருத்து, முகம் ஊதி, கடைசியில் அவருடைய குரலே மாறிப்போனதை வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பத்மாவதி தாளைப் பிடுங்கிக்கொண்டு வண்டியை எடுத்தாள். அன்றைக்கு அவள் யாரிடமும் கத்தவில்லை. சத்தம் இல்லாததால் தறிக்காரர்கள் பயந்துபோய், கரண்ட் போய்விட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

அம்மா வள்ளியாத்தாள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவள் இல்லை. மாத்திரை சூடு என்று ஆரம்பத்திலிருந்தே மகளுக்குக் காலையில் ஒன்று, பொழுதுசாய ஒன்று என இளநீர் வெட்டிக் கொடுத்துவந்தாள். இப்போது ராசப்பன் கேட்டது ஊர் சுற்றி, கிட்னி என்று அவள் காதில் விழுந்துவிட்டது. நம் ஊரில் கிட்னிக்கு இளநீரைவிடப் பெரிய வைத்தியம் ஏது? ஆனைமலைப் பக்கம் தோப்பு வைத்திருந்த தம்பிக்குப் போன் போட்டாள். மறுநாள் மேட்டடார் வேனில் இளநீர் வந்து இறங்கியது. இறங்கிய குலைகளை அடுக்கியதில் வாசலே அடைபட்டுப்போய் வீட்டார் ஜன்னல் வழியாகப் போய் வந்தார்கள்.

"குடி கண்ணு. உள்ள இருக்கற கசடெல்லாம் கழுவிட்டுப் போயிரும்."

"அம்மா, வயிறு குலுங்குதும்மா."

"குலுங்கட்டும். குடி."

ஒரு நாளைக்கு ஐந்து இளநீர் ஆயிற்று. பத்மாவதி மருந்து போலக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். காலையில் எழுந்ததும் கட்டைவிரலால் கணுக்காலை அமுக்கிப் பார்ப்பாள். குழி விழுந்தால் வீக்கம் என்று பெரியப்பாவிடம் பார்த்துத் தெரிந்துகொண்டது. குழி விழவில்லை. ஆனாலும் அமுக்கினாள், அமுக்கி அமுக்கியே அந்த இடம் கன்றிப்போயிற்று.

இரண்டாவது பரிசோதனையில் ஐந்து புள்ளி எட்டு.

மாத்திரையைப் பாதியாக்கியும் ஏறியிருக்கிறது என்றால், ஏற்றியது மாத்திரை அல்ல, கிட்னிதான் போய்விட்டது என்று வீடே தீர்மானித்தது. சென்னியப்பன் முதுகுவலியோடு தறிக்குடோன் வரைக்கும் நடந்துவந்து, "தறியெல்லாம் வித்துப்போடலாமாட்டம் இருக்குது, வைத்தியத்துக்கு ஆகும்" என்றார். மகள் அதற்கும் கத்தவில்லை.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே அம்மாவும் மகளும் காந்திபுரம் பஸ் ஏறினார்கள். பெரிய டாக்டரைப் பார்க்கப் போகையில் வெறுங்கையோடு போவது வள்ளியாத்தாளுக்கு ஆகாது. ஒரு குலை இளநீர் கூடவே வந்தது.

"ஏனுங்காத்தா, இதுக்கு லக்கேஜ் போடோணுமுங்க" என்றார் கண்டக்டர்.

"போடுங்க சாமி. உசுருக்கு மிஞ்சியா லக்கேஜு."

டாக்டரம்மா எண்ணைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் முதலில் பத்மாவதியைப் படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தார். பொட்டாசியம் எல்லை மீறினால் அது தொடுகிற இடம் இதயம். சுருளை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்தார்.

"இதயத் துடிப்பு ஒழுங்கா இருக்கு. இங்க பாரும்மா, இது கிரியாட்டினின். கிட்னி கெட்டா மொதல்ல இதுதான் ஏறும். உனக்குப் புள்ளி எட்டு. கிட்னி அருமையா இருக்குது. ஆனா மாத்திரையைக் குறைச்சதுக்கப்புறம் பொட்டாசியம் ஏன் ஏறுதுன்னுதான் புரியல. அது வேற எங்கிருந்தோ உள்ள போகுது. என்ன சாப்பிடறே?"

"எல்லாருந் திங்கற சோறுதானுங்க."

இந்த இடத்தில் வள்ளியாத்தாள், பேச்சு முடிந்ததென்று நினைத்து, நாற்காலிக்கடியில் இருந்த குலையை டாக்டரம்மாவின் கால்பக்கம் தள்ளினாள்.

"உங்களுக்குக் கொண்டாந்ததுங்க. எங்க தம்பி தோட்டத்து எளநி. என்ற பொண்ணுக்கு இதான் இப்ப ஆகாரமே."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை குடுக்கறீங்க?"

"மொதல்ல ரெண்டுங்க. கிட்னின்னு சொன்னதுக்கப்புறம் அஞ்சாக்கிப்போட்டனுங்க."

"அம்மா, எளநியில இருக்கறதே பொட்டாசியந்தாங்க. அந்த நீர் மாத்திரை, பொட்டாசியம் வெளிய போற கதவைப் பாதி சாத்தும். நீங்க இந்தப் பக்கம் குடங்குடமா ஊத்தறீங்க."

வள்ளியாத்தாள் தான் தள்ளிவிட்ட குலையைக் குனிந்து பார்த்தாள்.

"எளநிங்களா? பச்சக்கொழந்தைக்குக் குடுப்பமுங்களே."

"மத்தவங்க தாராளமாக் குடிக்கலாம். இந்த மாத்திரை திங்கறவங்களுக்கு ஆகாது. நாங்க சொல்லியிருக்கணும், சொல்லல."

நீர் மாத்திரையை நிறுத்திவைத்து, ஹார்மோன் மாத்திரையை மட்டும் தொடரச் சொல்லி, ஒரு வாரம் கழித்து அங்கேயே ரத்தம் எடுப்பதாகச் சொன்னார். குலையை அவரே வைத்துக்கொண்டார்.

அந்த ஒரு வாரம் வள்ளியாத்தாள் பட்ட பாடு சொல்லி மாளாது. "நானே உனக்கு வெசத்தக் குடுத்துப்போட்டனே கண்ணு" என்று அடுப்படியில் ஆரம்பிப்பாள்.

"எளநி குடிச்சா சாவறவ நானு? பேசாத இரும்மா" என்பாள் மகள். ஆனால் காலையில் கணுக்காலை அமுக்கிப் பார்ப்பதை அவள் விடவில்லை. டாக்டரம்மா சொன்னது சரியாக இருந்தால் எண் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பெரியப்பா போன வழிதான்.

எட்டாம் நாள் காந்திபுரத்தில் ரத்தம் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வரைக்கும் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அம்மா இருக்கிற சாமியையெல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டு, கூப்பிட்டவர்களையே மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா தாளோடு கதவருகே வந்தே சொன்னார்.

"நாலு புள்ளி மூணு."

"அது நல்லதுங்களா?" என்றாள் பத்மாவதி. ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"என்னோடதை விட நல்லது. நீர் மாத்திரையைப் பாதியளவுல மறுபடி ஆரம்பிக்கலாம். ரத்தம் மட்டும் தவறாமப் பாத்துக்கோ."

வெளியே வந்ததும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் உட்கார்ந்து நெய்ரோஸ்ட் சொன்னார்கள். தோசை வந்து இலையில் நீட்டிப் படுத்ததும் வள்ளியாத்தாள் விசும்ப ஆரம்பித்தாள். பரிமாறியவர் பதறிப்போய், "என்னுங்காத்தா, சட்னி காரமுங்களா?" என்றார்.

"காரமெல்லாம் இல்லீங்க" என்றாள் பத்மாவதி. "எங்கம்மாவுக்கு ஒரு வாரத்துப் பாக்கி. அழுது முடிச்சுருவாங்க. நீங்க எனக்கு இன்னொரு ரோஸ்ட் போடுங்க."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எனக்குமுங்க" என்றாள்.