அடிக்குரல் அருள்ராஜ்

ஏசி ரிப்பேர் பார்க்கப் போன இடத்தில்தான் அருள்ராஜ் அந்தப் பாட்டுக்குழுவில் சேர்ந்தான். துபாயில் ஒரு பள்ளிக்கூட அரங்கம். கீழே எண்பது தொண்ணூறு பேர் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். இவன் ஏணிமேல் நின்று கூரைப் பலகையைக் கழற்றி, ஒழுகும் குழாய்க்குப் புது வளைவு மாட்டிக்கொண்டிருந்தான். ஆண்களில் அடிக்குரல் பாடும் வரிசை ஓரிடத்தில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுந்தது. நாலாவது தடவை அவர்கள் விழுந்தபோது கூரையிலிருந்து சரியான சுரம் வந்தது.

அவன் வேண்டுமென்று செய்யவில்லை. நாசரேத் பக்கத்துக்காரன். சிஎஸ்ஐ கோயில் குவயரில் பதினோரு வயதிலேயே நின்றவன். தமிழ் எழுத்தைப் படிக்கிற அதே வேகத்தில் மேல்நாட்டுச் சங்கீத நொட்டேஷனையும் படிப்பான். ஏணிக்கு நேர் கீழே நின்றவர் கையில் தாள் விரிந்திருந்தது, வாய் தானாகத் திறந்துவிட்டது.

பாட்டை நடத்திக்கொண்டிருந்த ஃபிலோமினா மிஸ் கையை உயர்த்தி நிறுத்தினார். கோவாக்காரர், அந்தப் பள்ளியிலேயே இருபத்தைந்து வருடமாகச் சங்கீத டீச்சர். மேலே அண்ணாந்து பார்த்து, உனக்கு நொட்டேஷன் தெரியுமா என்று இந்தியில் கேட்டார். தெரியும் மேடம் என்றான். "அடுத்த செவ்வாய் ஆறரைக்கு வா. ஏணி வேண்டாம்" என்றார்.

அது நடந்து ஆறு வருடமாயிற்று. சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து பஸ், பிறகு மெட்ரோ, பிறகு கால் மணி நேர நடை. டியூட்டி முடிந்து குளித்து, உள்ளதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு செவ்வாய்தோறும் போனான். டாக்டர்கள், பாங்க்காரர்கள், பிலிப்பைன்ஸ் நர்சுகள், இங்கிலாந்துக்காரர் நாலைந்து பேர். பாடும்போது யாரும் யாருடைய வேலையையும் கேட்பதில்லை. இடைவேளையில்தான் கேட்பார்கள். இடைவேளையில் அவன் பெரும்பாலும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான்.

அவனுடைய ரூம்மேட் சுரேஷ்குமார். கரூர்ப் பக்கம், அதே கம்பெனியில் பிளம்பர். பதினோரு வருடம் ஒரே அறை. அருள்ராஜ் கீழ்க்கட்டில், சுரேஷ்குமார் மேல்கட்டில். அருள்ராஜ் காதில் ஹெட்போனை மாட்டித் தன் பங்கை மட்டும் முணுமுணுத்துப் பழகுவான். அறைக்குள் மற்றவர்களுக்குக் கேட்பது அந்த முணுமுணுப்புதான்.

"ஏப்பா, இதுக்கு ராகமே கெடையாதா? கெணத்துக்குள்ள இருந்து யாரோ கூப்புடற மாதிரியே இருக்குது" என்பான் சுரேஷ்குமார், மேலேயிருந்து தலையைத் தொங்கப்போட்டு.

"இது அடிக்குரல்லே. மேல இன்னும் மூணு குரல் இருக்கு. நாலும் சேந்தாத்தான் பாட்டு."

"அப்ப அந்த மூணு பேரையும் ரூமுக்குக் கூட்டிட்டு வா."

பாட்டுப் பிடிக்காவிட்டாலும் அவனுக்குக் கதை பிடிக்கும். ஃபிலோமினா மிஸ்ஸுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பெரிய படைப்பை எடுத்தாலும் அது எப்படிப் பிறந்தது என்று சொல்லாமல் ஒரு பக்கம்கூடத் திருப்ப விடமாட்டார். யார் செத்தார்கள், யார் கேட்டார்கள், எழுதியவன் அப்போது எந்த நிலையில் இருந்தான். செவ்வாய் இரவு அருள்ராஜ் அறைக்குத் திரும்பியதும் சுரேஷ்குமார், "பாட்டை உடு, கதையச் சொல்லு" என்பான்.

ரெக்வியம் என்றால் இறந்தவருக்காகக் கோயிலில் பாடும் பூசைப் பாட்டு என்று அருள்ராஜ் விளக்கினான். வியன்னாவில் பாட்டு எழுதும் ஒருவனுக்குப் பெயர் சொல்லாத ஆள் ஒருவர் மூலம் அப்படி ஒன்று எழுதித் தரச் சொல்லி ஆர்டர் வந்தது. சொல்லியனுப்பியவர் ஒரு பிரபு. செத்துப்போன மனைவிக்காகத் தானே எழுதியது என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஆசை. எழுதியவனோ பாதியிலேயே செத்துப் போனான். கூட இருந்த மாணவன் மீதியை எழுதி முடித்தான்.

"நாம செஞ்ச வேலைய சூப்பர்வைசர் தன் வேலைன்னு ரிப்போர்ட் எழுதறாப்புல" என்றான் சுரேஷ்குமார். "அப்பவே இருந்திருக்குது பாரு."

சென்ற வருடம் குழு எடுத்தது ஒரு ஜெர்மானியன் எழுதிய ரெக்வியம். லத்தீன் பூசை வார்த்தைகளை அவன் தொடவில்லை. வேதாகமத்திலிருந்து தனக்கு வேண்டிய வசனங்களைத் தானே பொறுக்கி, தன் ஊர்ப் பாஷையிலேயே போட்டான். செத்தவனுக்கு இளைப்பாறுதல் கொடு என்று மற்றவை தொடங்கும். இவனுடையது அழுதுகொண்டிருப்பவர்களைப் பார்த்துத் தொடங்கியது. அவன் அதை எழுதத் தொடங்கிய சமயத்தில் தாய் இறந்திருந்தாள். அதற்குச் சில வருடம் முன்பு, தகப்பன் ஸ்தானத்தில் இருந்த நண்பர் ஒருவர் மனம் பேதலித்து ஆஸ்பத்திரியில் செத்திருந்தார். இரண்டு பேரில் யாருக்காக எழுதினான் என்று அவன் தெளிவாகச் சொல்லி வைக்கவில்லை. இன்றைக்கும் அதைப்பற்றி ஆராய்ச்சி நடக்கிறது என்றார் மிஸ்.

சுரேஷ்குமார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "இதுல என்ன ஆராய்ச்சி வேண்டிக் கெடக்குது? ஆத்தாளுக்குத்தான் எழுதியிருப்பான்."

"ஒனக்கெப்படிலே தெரியும்?"

"எனக்குத் தெரியும். நீ பாடு, நான் வந்து கேக்கறேன். டிக்கெட் ஒண்ணு வாங்கி வையி."

கச்சேரி மார்ச் மாதம் கடைசி வெள்ளிக்கிழமை என்று வைத்திருந்தார்கள். பிப்ரவரி முடிய ஒரு வாரம் இருந்தபோது, ஒரு புதன்கிழமை விடிகாலை, கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று அருள்ராஜ் மேல்கட்டிலைத் தட்டினான். மறுபடி தட்டினான். பிறகு ஏறிப் போய்த் தோளைத் தொட்டான். பக்கத்துக் கட்டிலில் இருந்த முகம்மது ரிபாய், காயல்பட்டணத்துப் பையன் என்று எல்லோரும் இன்னும் சொல்லும் நாற்பது வயது எலெக்ட்ரீசியன், அருள்ராஜின் முகத்தைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு செக்யூரிட்டியைக் கூப்பிட ஓடினார். இதயம் நின்றிருந்தது. தூக்கத்திலேயே.

போலீஸ் வந்து கேட்டதற்கெல்லாம் அருள்ராஜ்தான் பதில் சொன்னான். கம்பெனியில் இந்த மாதிரிக் காரியத்துக்கு ஓர் ஆள் இருந்தார். ஆனால் பாஸ்போர்ட் எந்தப் பெட்டியில், வீட்டு நம்பர் எது, மாமனார் பெயர் என்ன என்பதெல்லாம் அருள்ராஜுக்குத்தான் தெரியும். ஆகவே அவனையும் கூட அழைத்துக்கொண்டு போனார்கள். மரணச் சான்றிதழ். விசா கேன்சல். கான்சுலேட்டில் ஒரு காகிதம். போலீசில் ஒரு காகிதம். ஒரு வரிசையில் நிற்கும்போது அடுத்த வரிசைக்கு என்ன வேண்டும் என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான். கரூருக்குப் போனும் அவன்தான் பண்ணினான். சுரேஷ்குமாரின் மனைவி ஜோதிமணி எடுத்தாள். அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பிறகு அவனால் ஞாபகப்படுத்திப் பார்க்க முடியவில்லை. போனை எந்தக் காதில் வைத்திருந்தான் என்பது ஞாபகம் இருந்தது.

காகிதம் முடியாத அந்த வாரத்துச் செவ்வாயும் வந்தது. அவன் குளித்து, சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். ரிபாய், அண்ணனைக் கூப்பிடும் தன் ஊர் வழக்கில், "காக்கா, இன்னைக்குமா?" என்று கேட்டார். "ரூம்ல இருந்து என்ன செய்ய?" என்றான். குழுவில் யாரிடமும் அவன் சொல்லவில்லை. அழுகிறவர்களைப் பற்றிய அந்த முதல் பாட்டில் தொடங்கி ஏழு பகுதியையும் பாடினார்கள். ஒரு சுரம் தவறவில்லை. எத்தனை தாளம் சும்மா இருக்க வேண்டுமோ அத்தனை தாளம் எண்ணிச் சும்மா இருந்தான். வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியும். மிஸ் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த அர்த்தம் எதிர்வரிசை ஆட்களுக்கு வந்த கடிதத்தைப் போல அவனைத் தாண்டிப் போயிற்று.

ஒன்பதாம் நாள் சோனாப்பூரிலேயே, உடல் கெடாமலிருக்க, எம்பாமிங் நடந்தது. கேம்பிலிருந்து பத்து நிமிட தூரம். அந்தக் கட்டடத்தின் பக்கமாகத்தான் தினமும் வேலைக்குப் போகும் பஸ் போகும். பெட்டியை மூடுமுன் பார்க்க விட்டார்கள். கேம்பிலிருந்து பதினைந்து பேர் வரிசையாக வந்து பார்த்துவிட்டு வெளியே போய் நின்றார்கள். அருள்ராஜ் கடைசியாகப் பார்த்தான். சுரேஷ்குமாரின் மீசையை யாரோ கீழ்ப்பக்கமாகச் சீவி விட்டிருந்தார்கள். அதை மாற்றச் சொல்லலாமா என்று நினைத்தான். அதற்குள் அங்கே நின்றவர் பெட்டியை மூட மூடியைக் கையில் எடுத்துவிட்டார். கலாஸ், முடிந்தது என்றார் மெதுவாக.

பெட்டியோடு போக அருள்ராஜ் லீவு கேட்டிருந்தான். ஒரே டீமில் இரண்டு பேர் இல்லாமல் முடியாது என்றார்கள். கரூர்ப் பக்கத்தைச் சேர்ந்த விமல் என்ற டிரைவர் ஊருக்குப் போக இருந்தார். அவர் திருச்சி வரைக்கும் பெட்டியோடு போனார்.

கச்சேரி குறித்த நாளில் நடந்தது. சுரேஷ்குமாருக்கு வாங்கிய டிக்கெட்டில் ரிபாய் வந்து உட்கார்ந்தார். நாலாம் பகுதியில் தூங்கியும் போனார். அன்று காலை அவருக்கு நாலு மணி டியூட்டி. அருள்ராஜ் கறுப்புச் சட்டையில் கடைசி வரிசையில் நின்றான். இன்றைக்காவது ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருந்தான். தொண்டை அடைத்தால் வாயை மட்டும் அசைப்பது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தான். தொண்டை அடைக்கவில்லை. ஆர்க்கெஸ்ட்ரா முதல் தடவையாக நிஜமாகச் சேர்ந்ததில் தரை அதிர்ந்தது. அதிர்வு உள்ளங்காலில் தெரிந்தது, அதற்குமேல் ஏறவில்லை.

முடிந்து இறங்கும்போது முன்வரிசையில் பாடும் ஒரு பெண்மணி, டாக்டர், அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு உணர்ந்து பாடுகிறீர்கள், பின்னாலிருந்து உங்கள் குரல் கேட்க எனக்கு அழுகையே வந்துவிட்டது என்றார். அருள்ராஜ் தேங்க்யூ என்றான்.

வெயில் காலத்தில் ஏசி டெக்னீஷியனுக்கு லீவு கிடையாது. நவம்பரில்தான் ஊருக்குப் போனான். வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு, கரூருக்குப் பஸ் ஏறினான். சுரேஷ்குமாரின் கட்டிலுக்கு அடியில் இருந்த சாமான்களில் கார்கோவில் அனுப்பாமல் வைத்திருந்த வாட்சும் போனும் அவன் பையில் இருந்தன.

ஜோதிமணி பள்ளிக்கூடச் சத்துணவில் வேலை பார்த்தாள். வாட்சையும் போனையும் வாங்கி உள்ளே வைத்தாள். காபி கொடுத்தாள். மாமியார் பூவாயி வந்து உட்கார்ந்து, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள். அதன்பிறகுதான் ஜோதிமணி வாய் திறந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனக்காதீங்க."

"கேளும்மா."

"பெட்டியத் தொறக்க வேண்டாம்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. நாளாயிருச்சுன்னு. அப்புடியே கொண்டு போயிட்டாங்க." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அது அவருதானுங்களாண்ணா?"

ஒன்பது மாதமாக அவள் இதை வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. "அவன்தாம்மா. நான் பாத்தேன்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பக்கத்துல நின்னு பாத்தேன். இடது புருவத்துல அந்த வெட்டுத் தழும்பு. மீசைய யாரோ கீழ சீவி விட்டிருந்தாவ. எனக்கு அதான் பொறுக்கல."

"கீழயா?" என்றாள். "அவரு மேல முறுக்கித்தானுங்களே வுடுவாரு." சிரிக்கப் போகிறவள் மாதிரி உதடு விரிந்தது, பிறகு அழுதாள். சத்தம் கேட்டு யாரும் உள்ளே வரவில்லை. அருள்ராஜ் நாற்காலியில் அப்படியே இருந்தான். ஆறிய காபியைக் குடித்து முடித்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த ஜோதிமணி, வேறொன்று கேட்டாள். "செவ்வாக்கெழம ராத்திரி நீங்க சொல்ற கதைய புதங்கெழம போன்ல எனக்குச் சொல்லுவாரு. பாட்டு எழுதறவங்க கதை. ஒருத்தருக்கு அம்மா செத்துப் போச்சுன்னு சொன்னாரே, அதைப் பாதியில வுட்டுட்டாரு. அப்புறம் என்னாச்சுங்ண்ணா?"

அந்தப் புதன்கிழமைப் போன் பற்றி அருள்ராஜுக்குத் தெரியாது. அவன் கதைகள் இவ்வளவு தூரம் வந்திருப்பது தெரியாது. சொல்லத் தொடங்கினான். முதலில் மூன்று பகுதி மட்டும் வியன்னாவில் பாடிப் பார்த்தார்கள். மூன்றாவதில் மேளக்காரர் மிக ஓங்கி அடித்துவிட்டதால் பாட்டே கேட்கவில்லை. ஜனங்களில் சிலர் கேலி பண்ணினார்கள். மறுவருடம் ஒரு துறைமுகப் பட்டணத்துப் பெரிய கோயிலில் அவனே நின்று நடத்தினான். ஜனங்கள் அழுதார்கள். அதற்குப் பிறகும் அவன் ஒரு பகுதியைப் புதிதாக எழுதிச் சேர்த்தான், ஒரு பெண் மட்டும் தனியாகப் பாடுவது, தாய் பிள்ளையைத் தேற்றுவதுபோல.

"அப்ப அம்மாவுக்குத்தான்" என்றாள் ஜோதிமணி.

"சுரேசும் அதான் சொன்னான்" என்று சொல்ல வாயெடுத்தான். சு என்ற முதல் எழுத்துக்கு மேல் குரல் வரவில்லை. கிணற்றில் வாளி தட்டின மாதிரி நின்றுவிட்டது. தண்ணீர் கேட்டான். அவள் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்ததும் குரல் சரியாகிவிட்டது. கண்ணில் ஒன்றும் வரவில்லை. சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினான்.

துபாய்க்குத் திரும்பியபோது மேல்கட்டிலில் ஒரு பீகார்க்காரர் படுத்திருந்தார். நல்ல மனிதர், பல் விளக்கும்போது மட்டும் சத்தம் போடுவார். குழுவில் இந்த முறை சிம்பொனி. நாலு பகுதி உள்ளது. பாட்டுக்காரர்களுக்கு வேலை கடைசிப் பகுதியில்தான். அதுவரை ஏறக்குறைய முக்கால் மணி நேரம் மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை எழுதியவனுக்கு அப்போது காது சுத்தமாகக் கேட்காது, முதல் தடவை வாசித்து முடித்தபோது ஜனங்கள் கைதட்டியது அவனுக்குத் தெரியவில்லை, பாடிய பெண் ஒருத்தி அவனைத் திருப்பி நிறுத்திக் காட்டினாள் என்று மிஸ் சொன்னார்.

புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏசி மெஷின்களின் நிழலில் உட்கார்ந்து அருள்ராஜ் கரூருக்குப் போன் போட்டான். அந்தக் கதையைச் சொன்னான். ஜோதிமணி கேட்டுவிட்டு, "அய்யோ பாவம்" என்றாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். சாப்பிட்டாயிற்று என்றான். மதிய வேலைக்கு ஃபோர்மேன் யல்லா யல்லா என்று கூப்பிட்டார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.