ஆழிக்குதிரையின் ஐந்தாம் பாகம்

மீனாம்பிகை குலசிங்கத்தின் பெயரை முதலில் கேட்டது ஒரு முறைப்பாடாகத்தான். ஐம்பத்தொன்பதாம் ஆண்டு, மாசி மாதம். நெடுந்தீவு வீட்டுக் குசினியில் அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கடற்கரைக்குப் போய் வந்த தாய் சீதேவி கடகத்தை இறக்கி வைத்துவிட்டு, புளியங்கூடலில் இருந்து குலசிங்கம் என்று ஒரு பொடியன் வந்து வீடு வீடாக ஏறி இறங்குகிறானாம் என்றாள். எந்தப் பெண் எந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள், அவள் கொண்டுபோன றங்குப்பெட்டி இப்போது யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்கிறானாம். கலியாணத் தரகன் என்றால் பெண்ணைப் பற்றிக் கேட்பான், சாதகம் கேட்பான். கலியாணம் முடிந்து முப்பது வருடமான கிழவிகளின் பெட்டியைக் கேட்கிறவனை என்னவென்று எடுப்பது? கள்ளனாக இருக்கும் என்று சிலர் நாய்களை அவிழ்த்து விட்டிருந்தார்கள்.

அவன் தேடி வந்தது புத்தகம். அது சீதேவிக்கு அடுத்த நாள் அவன் படலையில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

சீதேவியின் தாய்மாமன் கதிரித்தம்பி, இரண்டாம் உலகப்போருக்கு முந்திய காலத்தில் ‘ஏழாற்றான்’ என்ற பெயரில் கதை எழுதியவர். ‘ஆழிக்குதிரை’ என்று ஒரே கதை, ஐந்து பாகம். கடலுக்கு அடியில் ஒரு பட்டினம். அங்கே இருப்பவர்களுக்கு நிழல் கிடையாது. கடலில் மூழ்கிச் செத்தவர்களின் நிழல்களைப் பிடித்து ஒரு கொட்டிலில் மாடு போலக் கட்டி வைத்திருப்பார்கள். தீவுப் பெண் ஒருத்தி, செத்துப்போன தமையனின் நிழலை மீட்டு வர, செவுள் வைத்த குதிரை ஒன்றில் ஏறி அங்கே போகிறாள். அந்தக் காலத்தில் படித்தவர்கள் இதைப் பொய்யும் புளுகும் என்று தள்ளிவிட்டார்கள். புத்தகம் விற்கவில்லை. கதிரித்தம்பியரும் விற்கிறதை விட்டுவிட்டு, சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்குக் கலியாணம் நடந்தாலும் கையில் அகப்பட்ட ஒரு பாகத்தை எடுத்து அவளின் றங்குப்பெட்டிக்குள் கூறைச்சேலையோடு வைத்துவிடுவார். மாமன் வைத்ததை வேண்டாம் என்று யார் சொல்வது?

குலசிங்கம் தெற்கில், சிங்கள ஊரொன்றில், தகப்பனின் கடையில் நின்றவர். சரக்குச் சுற்றுவதற்கு வாங்கிய பழைய கடதாசிக் கட்டுக்குள் முதலாம் பாகம் கிடந்தது. அதில் சீனி சுற்றாமல் எடுத்து வைத்து வாசித்தார். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கடை போன பிறகு, ஊருக்குக் கொண்டுவந்த ஒரே சாக்குக்குள் அந்தப் புத்தகமும் இருந்தது. மிச்சம் நாலு பாகமும் என்னவாயிற்று என்று விசாரித்தார். புத்தகக் கடைகளில் அப்படி ஒரு பெயரே தெரியவில்லை. கதிரித்தம்பியரின் பழக்கத்தை யாரோ சொன்னார்கள். அதனால்தான் பெட்டிகளின் வழியாகப் போனார்.

சீதேவியின் பெட்டியில் நாலாம் பாகம் இருந்தது. அவள் காட்டினாள், கொடுக்கவில்லை. அவர் முற்றத்தில் இருந்து வள்ளம் வெளிக்கிடும்வரை வாசித்தார். பத்து நாளில் திரும்பி வந்தார். மூன்றாம் முறை வந்தபோது சீதேவி செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

“தம்பி, நீர் புத்தகத்துக்குத்தான் வாறீர் எண்டு எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. வீட்டில குமர்ப்பிள்ளை இருக்கு. ஒண்டில் வாறதை நிப்பாட்டும், இல்லாட்டில் தாயைக் கூட்டிக்கொண்டு வாரும்.”

அவர் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த வருடமே ஆவணியில் கலியாணம். நாலாம் பாகம் மீனாம்பிகையின் பெட்டிக்குள் ஏறிப் புளியங்கூடலுக்குப் போனது. பெண்ணைப் பார்த்துக் கட்டினவனைக் கண்டிருக்கிறோம், பெட்டியைப் பார்த்துக் கட்டினவன் இவன்தான் என்று மச்சான்மார் பகிடி பண்ணினார்கள். மீனாம்பிகைக்கும் கொஞ்ச நாள் அந்தச் சந்தேகம் இருந்தது. பிறகு பிள்ளைகள் பிறந்து, அதை நினைக்க நேரமில்லாமல் போயிற்று.

அவருக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை கிடைத்தது. லீவு நாள் வந்தால் புத்தகம் தேடப் போவார். வழி சொல்வது மாமியார் சீதேவி. கரம்பொன்னில் வைத்திலிங்கத்தாரின் இரண்டாம் தாரம் எங்கள் சின்னாச்சியின் பேத்தி, அவளின் பெட்டி மகளோடு நயினாதீவுக்குப் போனது, அந்த மகள் பிள்ளைப்பேற்றில் செத்த பிறகு புருசன் மறுகலியாணம் கட்டி வேலணையில் இருக்கிறான், அங்கே கேட்டுப் பாரும் என்பாள். அங்கே கேட்டால் இருக்கும். இப்படி இரண்டாம் பாகம் வந்தது. மூன்றாம் பாகம் நெல்மூடைகளுக்கு நடுவில் இருந்து, எலி ஓரம் கடித்தபடி வந்தது. கொண்டுவந்த புத்தகங்களைக் காய்ந்த வேப்பிலையோடு அலுமாரியில் வைத்துப் பூட்டுவார். இரவல் கொடுக்க மாட்டார். வாசிக்க விருப்பமானவர்கள் வீட்டுக்கு வந்து, கை கழுவிவிட்டு, கதிரையில் இருந்து வாசித்துவிட்டுப் போகலாம்.

ஐந்தாம் பாகம் மட்டும் அகப்படவில்லை. அது அச்சாகி வந்தபோது கட்டுக்கள் வள்ளத்தில் கடல்தண்ணீர் பட்டு, கல்லுப் போல ஒட்டிக்கொண்டன. காய்ந்து தப்பியது சில பிரதிகள்தான். ஒன்று பினாங்குக்குப் போய்த் தொலைந்தது. ஒன்றைக் கறையான் தின்றது. இன்னொன்று எங்கே என்று சீதேவிக்கு முதலிலேயே தெரியும். கலியாணம் முடிந்து ஆறு வருடம் அவள் அதைச் சொல்லவில்லை. அறுபத்தைந்தில், பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த இடத்தில், வெற்றிலையை மடித்தபடி சொன்னாள். அது தன் தமக்கை அன்னப்பிள்ளையின் பெட்டியில் இருக்கிறதாம்.

அக்காள் தங்கை இருவருக்கும் நெடுந்தீவில் பக்கத்துப் பக்கத்து வளவு. நடுவில் கல்லு அடுக்கிய மதில். மீனாம்பிகையின் தகப்பன் மாட்டுப்பட்டி கட்ட அந்த மதிலில் இருந்து கல்லுப் பிடுங்கினார் என்று தொடங்கிய சண்டை, அவர் செத்த பிறகும் ஆறவில்லை. நல்லது கெட்டது ஒன்றுக்கும் போக்குவரத்து இல்லை. அன்னப்பிள்ளைக்குப் பிள்ளைகளும் இல்லை. அவளும் புருசன் தம்புவும் மட்டும்தான்.

குலசிங்கம் துணிந்து ஒருமுறை போனார். தம்பு மண்வெட்டியோடு வந்து யார் என்று விசாரித்துவிட்டு, “சீதேவியின்ர மருமகன் எண்டால் படலைக்கு அங்கால நில்லும்” என்றார். அங்காலே நின்று கேட்கக்கூடிய விசயமா அது? திரும்பி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வேலை செய்யத் தொடங்கினார். நெடுந்தீவால் யாராவது வந்தால், பெரியம்மா எப்படி இருக்கிறா, சுகமோ, வருத்தமோ என்று கேட்பார். பகை வீட்டுக்கு அழைப்பில்லாமல் போகக்கூடிய நாள் ஒன்றே ஒன்றுதான். சாவுக்கு யாரும் சொல்லி அனுப்பத் தேவையில்லை. வந்தவரைத் திருப்பி அனுப்பவும் ஏலாது. அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று மீனாம்பிகைக்கு விளங்கியது. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, “பெரியம்மாவுக்கு இழுப்புக் கூடிப்போச்சாம் எண்டால் உங்கட முகம் தெளியுது” என்றாள். அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார். பிறகு விசாரிக்கவே இல்லை.

எழுபத்தொன்றில், சோளகக் காற்று அடிக்கிற ஆனி மாதம், அன்னப்பிள்ளை செத்துப் போனாள். குலசிங்கமும் மீனாம்பிகையும் நனைந்து தெப்பமாகி வள்ளத்தால் இறங்கிப் போனார்கள். சீதேவி விடியத் தொடக்கம் மதிலோரத்தில் நின்றிருக்கிறாள். அந்தப் பக்கம் பறை அடிக்கிறது, ஒப்பாரி கேட்கிறது, தனியே போகக் கால் வரவில்லை. மகள் வந்து கையைப் பிடித்த பிறகுதான் அடி எடுத்து வைத்தாள். வழியில் மீனாம்பிகையின் காதுக்குள் சொன்னது ஒன்றுதான். நாங்கள் புத்தகத்துக்கு வந்தோம் என்று ஒரு வாய் சொல்லக்கூடாது. சொன்னால் அக்காளை நான் இரண்டாம் முறை இழந்ததாக முடியும்.

தம்பு வாசலில் நின்றார். சீதேவியைப் பார்த்தார், வழி விட்டு விலகினார். மீனாம்பிகையைப் பார்த்து, “வா பிள்ளை. கூறை எடுத்து உடுத்த ஆளில்லை” என்றார்.

தங்கையின் மகள், பெறாமகள் என்ற உரிமையில் அவள் றங்குப்பெட்டியைத் திறந்தாள். கூறைச்சேலையின் மடிப்புக்குள் புத்தகம் இருந்தது. அதைத் தலைமாட்டில் வைத்து அனுப்பச் சொல்லித்தான் கண்ணை மூடினவ என்றார் தம்பு. மாமா தந்தது, என்னோடே வரட்டும் என்றாளாம். எழுத்து வாசிக்கத் தெரியாதவள்.

மீனாம்பிகைக்குப் பொய் சொல்ல வரவில்லை. தன் புருசன் இந்தப் புத்தகத்துக்காகப் பன்னிரண்டு வருடம் அலைந்தவர், கொண்டுபோக மாட்டார், பாடை தூக்கும்வரை வாசிக்கலாமா என்று மெல்லக் கேட்டாள்.

“வாசிக்கட்டும். தூக்க முதல் வந்திட வேணும்” என்றார் தம்பு.

குலசிங்கம் மாட்டுக்கொட்டில் பக்கம் பூவரசமரத்தின் கீழ் குந்திக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். பெரிய புத்தகம் இல்லை. தன் பாட்டுக்கு மனதுக்குள் வாசித்திருந்தால் முடித்திருப்பார். ஆனால் செத்தவீட்டில் ஒருவர் புத்தகம் விரித்தால் அது புராணமாகத்தான் இருக்கும். அது ஊர் வழக்கம். தடி ஊன்றி வந்த இளையதம்பியர், காதும் மந்தம், பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு, “தம்பி, உமக்கு மட்டும் வாசிச்சால் எப்பிடி? போன ஆத்துமாவுக்குக் கேக்க வேண்டாமே? சத்தமாப் படியும்” என்றார். இன்னும் நாலைந்து கிழவர்கள் வந்து சேர்ந்தார்கள். இது புராணம் இல்லை, கதை என்று சொன்னால், செத்தவீட்டில் இருந்து கதைப்புத்தகம் வாசிக்கிறான் என்று வரும். அது தம்புவையும் மாமியையும் போய் முட்டும். அவர் சத்தமாக வாசித்தார். இளையதம்பியருக்குக் கேட்க வேண்டும் என்பதால் நிறுத்தி நிறுத்தி, சில இடங்களை இரண்டு தரம் வாசித்தார். நிழல்களைக் கட்டி வைத்த கொட்டில் வந்த இடத்தில் கிழவர் கண்ணைத் துடைத்தார்.

“எமபட்டினம்தானே?”

“ஓம்” என்றார் குலசிங்கம்.

சுண்ணம் இடித்து முடிந்தது. பெண்கள் வாய்க்கரிசி போட்டார்கள். மீனாம்பிகை கொட்டில் பக்கம் வந்தபோது அவரின் விரல் கடைசித் தாளுக்கு முந்தின தாளில் இருந்தது.

“தாங்கோ.”

“இஞ்சேரும், இன்னும் ரெண்டு பக்கம்.”

“தூக்கப் போகினம்.”

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை. புரட்டினால் கண் ஓடிவிடும் என்று பயந்தவர் போலப் புத்தகத்தை மூடினார். தோளில் சால்வை இருந்தது. அதற்குள் மறைத்திருந்தால் ஒருவருக்கும் தெரியாது, தம்புவும் தேடியிருக்க மாட்டார். மீனாம்பிகை கையை நீட்டியபடி நின்றாள். அவர் கொடுத்தார். அவள் கொண்டுபோய்ப் பெரியம்மாவின் தலைமாட்டில், கூறையின் முந்தானைக்குக் கீழ் வைத்தாள். சீதேவி அதைப் பார்த்த பிறகுதான் பாடையைக் கட்டிப்பிடித்து வாய்விட்டு அழுதாள். படலைவரை பெண்கள் போனார்கள். ஆண்கள் சுடலைக்குப் போனார்கள். குலசிங்கமும் போய் எரிந்து முடியும்வரை நின்றுவிட்டு வந்து கிணற்றடியில் குளித்தார். புளியங்கூடலுக்கு வந்த பிறகு கொஞ்ச நாள் அலுமாரியைத் திறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இரண்டு வளவும் ஒரே பந்தலின் கீழ் சமைத்தன. தம்புவுக்குக் கண் பார்வை குறைந்து வந்தது. தனியே விட ஏலாது என்று சீதேவி சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஏலாமல் போனபோது, எழுபத்துநாலில், குலசிங்கம் நெடுந்தீவுச் சங்கக்கடைக்கு மாற்றம் கேட்டு எடுத்தார். குடும்பத்தோடு தம்புவின் வீட்டுக்குப் போனார்கள். தம்பு சாகும்வரை அவரைக் குளிக்க வார்த்தது குலசிங்கம்தான்.

அந்தக் காலத்தில்தான் ‘ஏழாற்றான்’ பெயர் வெளியில் அடிபடத் தொடங்கியது. கொழும்பில் சில இளந்தாரிகள் அவரைக் கொண்டாடினார்கள். முதலாம் பாகத்தைக் கையால் எழுதி, ஆளுக்காள் மாற்றி வாசித்தார்கள். ஐந்தாம் பாகம் வாசித்த ஆள் நெடுந்தீவில் இருக்கிறார் என்று அறிந்து வந்தார்கள், ரேப் றெக்கோடரும் கொண்டு. குலசிங்கம் நாலு பாகத்தையும், கை கழுவச் சொல்லிவிட்டு, அங்கேயே இருந்து வாசிக்கக் கொடுத்தார். ஐந்தாவதை வாயால் சொன்னார். பெண் தமையனின் நிழலைக் குதிரையின் கழுத்தில் கட்டிக்கொண்டு கரைக்குக் கிட்ட வருகிறாள், தண்ணீர் முழங்கால் அளவுக்குக் குறைகிறது, குதிரைக்கு மூச்சு முட்டுகிறது. அதோடு நிறுத்தினார்.

“அதுக்குப் பிறகு?” என்றான் வந்தவர்களில் ஒருவன்.

“அதுக்குப் பிறகு நான் வாசிக்கேல்லை.”

அவர்கள் நம்பவில்லை. பன்னிரண்டு வருடம் தேடினவர், கையில் எடுத்தவர், இரண்டு பக்கத்தை விட்டுவிட்டுக் கொடுத்தாரா? அதுவும் இப்போது அதே வீட்டில் இருக்கிறவர்? ஒருவன் பரணை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தான். மீனாம்பிகை ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, “ஏறிப் பாரும் தம்பி. சிலந்தி இருக்கும், சட்டையைப் பாத்துக்கொள்ளும்” என்றாள். அவன் ஏறித்தான் பார்த்தான். இளையதம்பியரையும் போய்க் கேட்டார்கள். அவர் எமபட்டினம் என்றும் புராணம் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

முடிவை நீங்களே ஒன்று சொல்லிவிடுங்கள், ஆட்கள் வருவதாவது நிற்கும் என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அவருக்கு ஏலாது. வாசித்ததைத்தான் சொல்வேன் என்பார். மீனாம்பிகை ஒரேயொரு தரம் கேட்டாள், அன்று நான் கை நீட்டியதில் கோபமா என்று. இல்லை என்றார். பிறகு, இளையதம்பியருக்காக அந்தக் கொட்டில் பகுதியை இரண்டு தரம் வாசித்திருக்கத் தேவையில்லை என்றார்.

குலசிங்கம் இப்போது சங்கக்கடை வேலையில் இருந்து ஓய்வெடுத்துவிட்டார். நெடுந்தீவில், அன்னப்பிள்ளையின் வீட்டில், மீனாம்பிகையோடு இருக்கிறார்.