கழலாத மோதிரம்

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பேரிங் என்கிற இரும்பு வளையத்தை மாட்டுவது என் வேலை. சுத்தியலால் தட்டி ஏற்றுவதில்லை. ஹீட்டரில் சூடாக்கினால் பேரிங்கின் துளை மயிரிழை அளவு விரியும். ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டில் வழுக்கிக்கொண்டு இறங்கும். இறங்கியதும் கையை எடுத்துவிடக் கூடாது. ஆறும்வரை கையுறையோடு பிடித்திருக்க வேண்டும். ஆறிச் சுருங்கிவிட்டால் யார் இழுத்தாலும் வராது. வீட்டில் நான் பேசிப் பேசி இதெல்லாம் என் மனைவிக்கே மனப்பாடம்.

அவளுக்கு ஒன்பதாம் மாதம், மறுநாள் ஆபரேஷன். கை காலெல்லாம் வீங்கி, கல்யாண மோதிரம் விரலில் புதைந்து கிடந்தது. "நாளைக்கு வரும்போது கழட்டிட்டு வாம்மா, இல்லன்னா வெட்டித்தான் எடுக்கணும்" என்று நர்ஸ் சொல்லிவிட்டார். கோயிலில் ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த மோதிரம். வெட்டினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவளுக்குப் பயம். எனக்கும்தான், காட்டிக்கொள்ளவில்லை.

"இது ஒரு வேலையா? நான் தினமும் செய்யுதது தானே" என்று எங்கள் தூத்துக்குடிப் பேச்சில் பீற்றிக்கொண்டு வெந்நீர் வைத்தேன். பொறுக்கும் சூட்டில் அவள் கையை முக்கினேன். மோதிரம் விரியும், கழன்றுவிடும் என்று நினைப்பு. விரல்தான் இன்னும் உப்பியது. திடம், திரவம், வாயு மூன்றும் சூட்டில் விரியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். சதை எதில் சேர்த்தி என்று யாரும் சொல்லித் தரவில்லை.

"நீ இன்னா, என் விரல ஷாஃப்ட்டுன்னு நெனச்சிகினியா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் கண்ணில் நீர் நின்றது. என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கம்பெனியில் சில சமயம் பேரிங்கைச் சூடாக்காமல் ஷாஃப்டைக் குளிர வைப்போம். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸ் கட்டிகளைத் தண்ணீரில் போட்டு அவள் கையை வைத்தேன். பிறகு கையைத் தூக்கி என் தோளில் போட்டுக்கொண்டு, எண்ணெய் தடவி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். அரை மணி நேரம் ஆனது. முழுசாகக் கழன்று வந்தது. இருவரும் அழுதுவிட்டோம்.

பெண் குழந்தை. வீக்கம் வடிய மூன்று வாரம் ஆயிற்று. குழந்தை தூங்கிய ஒரு மத்தியானம் மோதிரத்தை நானே போட்டுவிட்டேன். லேசாக இறங்கியது. போட்ட பிறகும் விரலை விட மனசு வரவில்லை.

அவள் என் கையைப் பார்த்தாள்.

"இன்னாபா, இன்னும் ஆறலையா?"

"இல்ல, இன்னும் ஆறல" என்றேன்.