முனியனுக்கு ஒரு பிரதி

டைப் மெஷின்களுக்கு ஒவ்வொன்றாக உறை மாட்டிக்கொண்டு வருகிறார் நாராயணசாமி. பொங்கல் முடிந்த ஞாயிறு, மாலை நான்கு மணி. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில், டீக்கடைக்கு மேலே இருக்கும் இந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்தான் மாதத்தின் மூன்றாம் ஞாயிறுகளில் இலக்கிய மன்றம். உறை எதற்கு என்று கேட்டேன்.

“கதை போரடிச்சா ஜனங்க கை சும்மா இருக்காது சார். ஒருத்தர் தட்டினா எல்லாரும் தட்ட ஆரம்பிச்சிட்றாங்க” என்றார். பட்டறிவு.

கச்சிராயபாளையத்தில் ஒன்றரை ஏக்கர் கரும்பு. இரண்டு கைகளிலும் கரும்புச் சோகை கிழித்த கோடுகள். இருபது வருஷமாகக் கதை எழுதுகிறார். மன்றத்தின் தலைவர், செயலாளர், நாற்காலி போடுபவர் எல்லாம் இவரே. உறுப்பினர்கள் ஒன்பது பேருக்கும் மாதாமாதம் தம் கையால் கார்டு எழுதுகிறார். பத்தாவது கார்டைத் தமக்கே போட்டுக்கொள்கிறார். “தபாலு போய்ச் சேருதான்னு எப்பிடி சார் தெரியும்?”

கதையை அவர் வாசிப்பது கிடையாது, முழங்குவார். “மைக் இன்னாத்துக்கு சார்? மடைய அடைக்கச் சொல்லி அடுத்த கொல்லைக்குக் கூப்புட்ற தொண்டை இது.” கீழே டீ ஆற்றுகிறவருக்கு இவர் கதைகளின் முடிவெல்லாம் மனப்பாடம்.

அவருடைய கதைகளில் எங்கே சிரிக்க வேண்டும் என்பதை மன்றத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர் முனியன். தியாகதுருகம் காலனிக்காரர், ரோடு வேலைக் கூலி. எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் கேட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் ‘கெக்’கென்று ஆரம்பித்தால்தான் மற்றவர்களுக்கு விளங்கும்.

சென்ற செப்டம்பரில் நாராயணசாமியின் முதல் புத்தகம் அச்சாகி வந்தது. ஏர் பிடித்த கைக்கு எழுத்து மெல்லத்தான் வரும். ஆளை நிற்க வைத்துக்கொண்டு எழுதுவது மரியாதை இல்லை என்று, ஒன்பது பேருக்கும் பெயர் எழுதித் தேதியிட்டு, முதல் நாளே கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டார். விடிந்தால் வெளியீடு. ஆனால் இட ஒதுக்கீடு கேட்டு மறியல். சாலையில் மரங்கள் வெட்டிக் கிடந்தன, பஸ் ஓடவில்லை. கேட்டவர்கள் இவருடைய சொந்த ஜனங்கள். கேட்டது நியாயம் என்பதில் இவருக்கு அன்றும் இன்றும் சந்தேகமில்லை.

யாராவது வருகிறார்களா என்று பார்க்கத் தியாகதுருகம் சாலைக்குப் போனவரை, மறியலில் இருந்த அண்ணன் மகன்கள் இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

“முனியன் நடந்தே வந்தாரு சார். எட்டு மைலு. ‘எங்க போற?’ன்னு பசங்க மறிச்சிட்டாங்க. ‘கதை கேக்கப் போறேங்க. தோ குந்திக்கினு இருக்காரே, அவரு கதைதான்’னாரு. ‘சித்தப்பா, ஒனக்குத் தெரிஞ்ச ஆளா?’ன்னு என்னியக் கேட்டாங்க. நான் தரையப் பாத்துக்கினு இருந்தேன் சார்.”

முனியன் சற்று நின்று பார்த்திருக்கிறார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே எட்டு மைல் திரும்பி நடந்துவிட்டார்.

“‘வுடுங்கடா, நம்ம ஆளு’ன்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான் சார் வேண்டியிருந்திச்சி.”

மற்ற எட்டுப் பேரும் பிறகு ஆளுக்கொரு நாள் வந்து புத்தகத்தை வாங்கிப்போனார்கள். கூட்டத்துக்குத்தான் யாரும் வருவதில்லை. மறியலுக்குப் பின் இந்தப் பக்கத்தார் இருக்கும் இடத்தில் அந்தப் பக்கத்தாருக்குக் கால் கூசுகிறது. அந்தப் பக்கத்தார் வந்தால் இவர்களுக்கு. இன்று வந்திருப்பது, வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த நான் ஒருவன்தான்.

ஒருவனுக்காகவும் பத்து நாற்காலி போட்டார், முழங்கினார். ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் காலி நாற்காலிகளைப் பார்த்தார். முனியன் சிரிக்கும் இடம் போலிருக்கிறது. நான் அவசரமாகச் சிரித்து வைத்தேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. “பரவால்ல சார்” என்று தேற்றிவிட்டு மேலே படித்தார்.

முடிந்ததும் எனக்கொரு புத்தகம் கேட்டேன். பையில் ஒன்றே ஒன்று இருந்தது. “இது முனியனுது சார்” என்று பிரித்துக் காட்டினார். ‘அன்பு முனியனுக்கு’ என்ற வரிக்குக் கீழே செப்டம்பர் இருபது என்ற தேதி குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றாம் ஞாயிறுகளும் அடிக்கப்பட்டிருந்தன. கடைசியாக, அடிக்காமல், இன்றைய தேதி.

“வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமே?” என்றேன்.

“போனேன் சார். காலனித் தெருமொனை வரைக்கும் சைக்கிள்ல போனேன். வூடு தெரியுது. இன்னான்னு கூப்புட்றது? அன்னிக்கி வாய் தொறக்காதவன் இன்னிக்கிக் கூப்புட்டா, அந்த ஆளுக்குக் காதுல வுழுமா?”

ஆறு மணி வரை மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நாற்காலிகளை அடுக்கி, மெஷின்களின் உறைகளைக் கழற்றி மடித்து வைத்தார். கிளம்பப் போகிறார் என்று நானும் எழுந்தேன். அவரோ ஒரு மெஷினின் முன்னால் உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்து, ஜனவரி பதினேழை ஒரு கோடு போட்டு அடித்தார். அதன் கீழே மெல்ல, பிப்ரவரி இருபத்தொன்று என்று எழுதி, மை காயும்வரை ஊதினார்.