துர்கா அக்காவின் ஒரே வேலை

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் எதிர்வீடு துர்காதேவி அக்காவுடையது. அவர் கணவர் மாணிக்கவேல் நெஞ்சுவலியில் இறந்தபோது தறியில் ஒரு கல்யாணப் புடவை பாதியில் நின்றிருந்தது. காரியம் முடிந்த பிறகும் அக்கா அழவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டார். வைக்காவிட்டால் கேட்கவில்லை.

பட்டு முதலாளி திருஞானசம்பந்தம் வந்து வாசலிலேயே நின்று பேசினார்.

"ஆவணில முகூர்த்தம்மா. பொண்ணு வூட்டுக்காரங்க டெய்லி போன் பண்றாங்க. உன்னால முடியலன்னா பாவ எடுத்து வேற தறில ஏத்திக்கிறேன். வெள்ளிக்கிழமை வரேன். தறி ஓடியிருந்தா உனக்கே வுட்டுடறேன்."

தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் பட்டு நூலான பாவு போனால் அந்த வீட்டுக்கு வேறு வேலை கிடையாது. கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் மகள் கீர்த்திக்கு அது புரிந்தது. அன்றே அம்மாவின் போனில் நாள் முழுவதற்கும் அலாரம் வைத்தாள். எழுந்திருக்க, குளிக்க, தறியில் உட்கார, சாப்பிட, மாத்திரை போட, மறுபடி தறி, விளக்கு ஏற்ற.

"இன்னாடி இது, உங்க வூட்ல கோயில் மாதிரி மணி அடிச்சிக்கினே இருக்குது?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு அகிலா.

"அடிச்சாதான் அம்மா எழுந்துக்கிறாங்க அத்தை."

அடித்தபோதெல்லாம் அக்கா எழுந்தார். ஆனால் மறுநாள் மாலை கீர்த்தி வந்து பார்த்தால், புடவை ஓர் இழைகூட வளரவில்லை.

"ஏம்மா, தறில உக்காரலியா?"

"உக்காந்தேனே. மத்தியானம் வரைக்கும் உக்காந்துக்கினுதான் இருந்தேன்."

"எங்க உக்காந்த?"

அக்கா காட்டினார். தறிக்குழியின் இடது ஓரம். கல்யாணமானதிலிருந்து அவர் இடம் அதுதான். புடவையின் உடலுக்கு, குறுக்கு இழை சுற்றிய நாடாவைக் கணவர் விடுவார். கரை வேறு நிறம் என்பதால், அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து இவர் இன்னொரு நாடா விடுவார். அவர் நாடா வந்து சேர்ந்தால்தான் இவர் கை நகரும். அன்றும் நாடாவைப் பிடித்தபடி, வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

அது இரண்டு பேர் உட்காரும் தறி என்பதைத் திட்டம் போட்ட கீர்த்தியும் மறந்திருந்தாள். எல்லா அலாரங்களையும் அழித்தாள்.

"நாளையிலேர்ந்து ஒரே வேலைதான்மா. நான் காலேஜ் போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் நாலு விரக்கடை நெய்யறோம். அதோட அன்னிக்கி வேலை முடிஞ்சிது. அப்பறம் டிவி பாரு, தூங்கு, சும்மா இரு."

"குளிக்க வேணாமா?"

"குளிச்சா குளி."

காலையில் அக்கா பழக்கத்தில் இடது ஓரத்துக்குத்தான் போனார். அங்கே கீர்த்தி உட்கார்ந்திருந்தாள். அக்கா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கணவர் இடத்தில் குழிக்குள் காலை விட்டார். முதலில் நாடா நின்று நின்று போனது. போகப்போக எங்கள் வீடு வரைக்கும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்து புடவையைத் தடவிப் பார்த்தார். மாணிக்கவேல் விட்ட இடத்துக்கு மேல் நெசவு சற்றுத் தளர்ந்திருந்தது.

"கை மாறினது தெரியுதும்மா."

"தெரியட்டும்" என்றார் அக்கா.

முதலாளி எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "கட்டினா கொசுவத்துல போயிடும். நீயே நெய்."

அன்றைய நாலு விரக்கடை காலையிலேயே முடிந்திருந்ததால், முதலாளி போனதும் அக்கா தறிக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்.