மழைக்குப் பிரிச்ச கடை

உப்பளத்துக்குப் போற ரோட்டோரம் எனக்கு ஒரு டிபன் கடை இருந்துச்சு. எங்க வீட்டுக்காரருக்கு அளத்து வேலையில வெயிலும் உப்பும் கண்ணுல அடிச்சு அடிச்சே பார்வை மங்கிப் போச்சு. பாத்தியில இறங்கினா வரப்பு எது, தண்ணி எதுன்னு தெரியாது. அதனால எங்க ரெண்டு பேருக்கும் அந்தக் கடைதான் சோறு. அளத்துக்குப் போறவங்க காலையில இட்லி தின்னுட்டு, மதியத்துக்கும் தூக்குல வாங்கிட்டுப் போவாங்க. பக்கத்து ஊரு அனுமந்தையிலேருந்து மீன் கூடையோட வர்ற பொம்பளைங்களும் நின்னு ஒரு டீ குடிச்சிட்டுப் போவாங்க.

ஐப்பசி பொறந்தா கடையைப் பிரிச்சிடுவோம். அளமெல்லாம் மழைத் தண்ணியில முழுகிக் கெடக்கும்போது யாருக்கு இட்லி சுடறது? தகரத்தை மேலேயே விட்டா உப்புக்காத்து அரிச்சிடும், புயல் வந்தா எவன் தலையில போய் விழுமோ. அதனால ஷீட்டைக் கழட்டி, எண்ணெய் தடவி, கட்டிலுக்கு அடியில அடுக்கிடுவோம். நாலு கம்பம் மட்டும் நிக்கும். தை பொறந்ததும் மறுபடி மாட்டுவோம். அளத்தை நம்பின கடைன்னா அப்படித்தான்.

ஒரு வருஷம் மழை நேரத்துல பேரூராட்சிக்காரங்க கடைங்களைக் கணக்கெடுக்க வந்தாங்களாம். எங்க கம்பத்தைப் பார்த்துட்டு 'காலி மனை'ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. எதிர்வீட்டுல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேக்கல. அப்புறம் கூட்டத்துல தீர்மானம் போட்டாங்க. ஏற்கெனவே இருக்குற கடைங்க வழக்கமான லைசன்ஸ் பணத்தைக் கட்டினா போதும். புதுசா போடற கடைக்கு பிளான், புது லைசன்ஸ், அதுக்கு மேல வளர்ச்சிக் கட்டணம். ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு ஆபீஸ் போர்டுல நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்களாம். வேலை இல்லாம வீட்டுல முடங்கிக் கெடக்குறவ அந்தப் போர்டை எதுக்குப் போய்ப் பார்க்கப் போறேன்?

தையில ஷீட்டை மாட்டி நாலு நாள் வியாபாரம் பண்ணியிருப்பேன். அனுமதியில்லாத புதுக் கட்டடம்னு நோட்டீஸ் கொண்டாந்து கம்பத்துலயே ஒட்டிட்டாங்க.

பழைய லைசன்ஸ் ரசீதையெல்லாம் மஞ்சப்பையில போட்டுக்கிட்டு, எங்க வீட்டுக்காரர் கையைப் புடிச்சுக்கிட்டு ஆபீசுக்குப் போனேன். கிளார்க்கு நல்ல மனுஷன்தான், உக்கார வச்சுப் பேசினாரு. ஒண்ணொண்ணா பார்த்துட்டு, "ஏம்மா, இதெல்லாம் உனக்குக் கடை இருந்ததுக்கு ஆதாரம். கணக்கெடுப்புல அது இல்லாமப் போயிடுச்சு. இப்ப நீ போட்டிருக்கிறது புதுக்கடைதானே?"ன்னாரு.

"அதே ஷீட்டு, அதே ஆணி சார்"ன்னேன்.

"ஷீட்டுக்கு ரெக்கார்டு இல்லையேம்மா."

ரசீதையெல்லாம் திரும்பப் பையில போட்டேன். கிளார்க்குமேல கோவப்பட்டு என்ன பண்றது, தீர்மானத்தை அவரா போட்டாரு.

நேரா எங்க வார்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். எலக்ஷன் நேரத்துல என் கடையில தின்னுட்டு, அக்கா கைப்பக்குவமே தனின்னு ஊரெல்லாம் சொன்ன புள்ள.

"தம்பி, நீயும் கையைத் தூக்கினியா?"

தலையைச் சொறிஞ்சான். "ஒரே நாள்ல இருவது தீர்மானம் படிச்சாங்கக்கா. எல்லாரும் தூக்கினாங்க, நானும் தூக்கிட்டேன். உன் கடையில வந்து விடியும்னு சத்தியமா தெரியாது."

அவன் பொய் சொல்லல. அதுதான் எனக்குத் தாங்கல. வேணும்னே பண்ணியிருந்தா வாய்க்கு வந்தபடி நாலு திட்டாவது திட்டிட்டு வந்திருப்பேன்.

அவங்க கேட்ட கட்டணத்தை நான் எத்தினி வருஷம் இட்லி சுட்டாலும் சேர்க்க முடியாது. ஷீட்டைக் கழட்டி பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டோம். இப்ப நான் அளத்துல உப்பு சுமக்கிறேன். அவர் வீட்டுல தனியா உக்காந்திருக்காரு. ரோட்டுல ஆள் போற சத்தம் கேட்டா எழுந்து வாசலுக்கு வர்றாராம், பக்கத்து வீட்டுல சொல்றாங்க. கேக்கும்போது செத்துடலாம் போல இருக்குது.

போன மாசம் கிளார்க்கு சொல்லி அனுப்பினாரு. கடையை விட்டுட்டேன்னு எழுதிக் கொடுக்கலைன்னா கட்டணம் பாக்கியா ஏறிக்கிட்டே போகுமாம். போனேன். ஒரு ஃபாரம் கொடுத்தாங்க. அதுல, கடையை மூடக் காரணம்னு ஒரு வரி.

"உங்க கட்டணம்தான்னு எழுதட்டுமா சார்?"

"அப்படி எழுதினா மேலேருந்து திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. எல்லாரும் எழுதற மாதிரி எழுது."

பேனாவை வாங்கி, சொந்தக் காரணம்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு வந்தேன்.