ஒழுகாத கூரை

யுத்தம் நடந்த வருஷங்களில் குற்றாலத்துக்குப் பக்கத்தில் நான் வாத்தியாராக இருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருஷா வருஷம் இனாமாகக் கூரை வேய்ந்து கொடுத்தவர் ஒரு தென்னந்தோப்புக்காரர். ஒல்லியான ஆள், காதில் சிவப்புக்கல் கடுக்கன். ஆனிச் சாரல் தொடங்கியதும் வகுப்புக்குள் வந்து, பிள்ளைகளின் தலைக்கு மேலே உள்ளங்கையை ஏந்தி, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்ப்பார். அந்தக் கரிசனத்தைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. சேரிப் பிள்ளைகள் நாலு பேரை அவர் வாசல் தாண்ட விட்டதில்லை. அவர்கள் வெளியே நனைந்தபடி பாடம் கேட்டார்கள்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அண்ணாச்சி, அதுக நனையுதது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"வாத்தியாரே, இது என் தோப்பு ஓலை. இதுக்குக் கீழ யாரு இருக்கணும்னு நான்தான் சொல்லுவேன். பிடிக்கலன்னா நாளைக்கே பிரிச்சுட்டுப் போயிருதேன்."

"பிரிக்க வேண்டாம். நீங்களே இருந்துக்கிடுங்க."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பிள்ளைகள் அத்தனை பேரும் என் பின்னால் வந்து, அந்த நாலு பேரோடு சாரலில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னார்கள். அவர் மட்டும் ஏந்திய கையோடு உள்ளே நின்றார். ஒரு சொட்டுகூட விழவில்லை.

மறுநாள் நாலு பேரையும் உள்ளே உட்கார வைத்தேன். ஓலையைப் பிரிக்க அவர் வரவில்லை. அடுத்த ஆனிக்கு முன்னால் அவர் வந்து கூரை வேய்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, உள்ளேயும் வரவில்லை. யாருக்காக வேய்ந்தார் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.